கால்நடை + நிர்வாகம் + நரம்பியல், மூன்றையும் சேர்த்து பிஎச்டி: நடக்கிற காரியமா?

தீவனத்தொட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஒரு தீவனக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏவும் முடித்தாயிற்று. பகுதிநேர பிஎச்டி பதிவு செய்யலாம் என்று விசாரித்தபோது ஒரு பேராசிரியர், "மூளை நோய், தீவன ஆலை நிர்வாகம், மாடு, இதை எந்தத் துறையில் போடுவது, யாரை எக்ஸாமினராகக் கூப்பிடுவது?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். மூளையைத் தாக்கும் நோய் தீவனம் வழியாகப் பரவினால் ஆலைக்குள் அதைத் தடுக்கும் வேலை எங்கே கோட்டை விடுகிறது என்பதுதான் என் ஆர்வம். பல துறை சேர்ந்தால் நல்லது தம்பி என்று ஆறுதல் சொல்லாதீர்கள், அது எனக்கும் தெரியும். மூன்றும் உண்மையிலேயே சந்தித்த ஒரு விவகாரம் இருந்தால் விரிவாகச் சொல்லுங்கள்.

ஸ்லைடுபாக்ஸ் எழுதியது:

தம்பி, பிரிட்டனின் மாட்டுப் பைத்திய நோய் இருக்கும்போது வேறு உதாரணம் எதற்கு? ஆனால் அதை 1986-இல் தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், நோய்க்குறியியல்காரனுக்கு இது பிடித்த கதை.

மாட்டுப் பைத்திய நோயின் குடும்பத்திலேயே, செம்மறி ஆட்டுக்கு ஸ்க்ரேப்பி என்று ஒரு நோய். ஆடு வேலியிலும் கம்பத்திலும் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ரோமம் உதிர்ந்து, பின்கால் தள்ளாடி, மெலிந்து செத்துப்போகும். ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்த நோய்தான். 1936-இல் கூயே, ஷெல் என்ற இரண்டு பிரெஞ்சு கால்நடை மருத்துவர்கள் நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டுக்குச் செலுத்தி, ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, இது ஒட்டும் நோய் என்று காட்டினார்கள். அந்தக் காத்திருப்புதான் பெரிய விஷயம். சில மாதத்தில் ஒன்றும் வரவில்லை என்று மூட்டை கட்டியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

அப்புறம் வில்லியம் ஹாட்லோ. அமெரிக்கக் கால்நடை நோய்க்குறியியலாளர். 1947-இல் அமெரிக்க ஆடுகளிலும் ஸ்க்ரேப்பி கண்டுபிடிக்கப்பட்டதால், அந்த நோயைப் படிக்க இங்கிலாந்தின் காம்ப்டனுக்கு அனுப்பப்பட்டவர். 1959-இல் லண்டனில் வெல்கம் மருத்துவ அருங்காட்சியகத்தில் நியூ கினி மலைப்பகுதியின் ஃபோரே மக்களிடையே பரவிய கூரு என்ற மூளை நோய் பற்றி ஒரு கண்காட்சி. சக விஞ்ஞானி ஒருவர் சொல்லி இவர் போய்ப் பார்க்கிறார். அங்கே வைத்திருந்த மூளைப் படங்களில் நரம்பணுக்களுக்குள் வட்ட வட்டமாக வெற்றிடங்கள். நாள்தோறும் ஆட்டு மூளையில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்க்கும் அதே ஓட்டைகள்! மனித நரம்பியல்காரர்கள் பார்த்த படம்தான், ஆனால் அவர்களில் ஸ்க்ரேப்பி ஸ்லைடு பார்த்துப் பழகியவர் இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் லான்செட் இதழில் ஒரு கடிதம் எழுதினார்: இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, கூருவைக் குரங்கினத்துக்குச் செலுத்தி நீண்ட காலம் கவனித்துப் பாருங்கள் என்று. அமெரிக்க ஆய்வாளர்கள் கய்டுசெக், கிப்ஸ் குழு சிம்பன்சிகளுக்குச் செலுத்தியது, சுமார் இரண்டு ஆண்டில் நோய் வந்தது, 1966-இல் நேச்சர் இதழில் வெளியானது. 1976-இல் கய்டுசெக்குக்கு நோபல். ஹாட்லோவுக்கு? நன்றி வணக்கம்.

உங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வியை ஹாட்லோவிடம் யாராவது கேட்டிருந்தால் அவர் கண்காட்சிக்கே போயிருக்க மாட்டார்.

நியூரான்நேசன் எழுதியது:

ஸ்லைடுபாக்ஸ் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த நோய்க் காரணி வைரசும் இல்லை பாக்டீரியாவும் இல்லை என்ற சந்தேகம் 60-களிலேயே வந்துவிட்டது. டிக்வா ஆல்பர் என்ற கதிர்வீச்சு உயிரியலாளர் புற ஊதாக் கதிர் பாய்ச்சியும் ஸ்க்ரேப்பி காரணி அசரவில்லை என்று காட்டினார். மரபணுப் பொருள் இருந்தால் அது அடிபட்டிருக்க வேண்டும். 1967-இல் கிரிஃபித் என்ற கணிதக்காரர் ஒரு புரதமே இன்னொரு புரதத்தைத் தன்னைப்போல் மடிய வைத்தால் இது சாத்தியம் என்று எழுதினார். 1982-இல் ஸ்டான்லி புருசினர் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார், வாங்கிக்கட்டிக்கொண்டார், 1997-இல் நோபல் வாங்கினார்.

எல்லாம் சரி, ஆனால் இதில் மேனேஜ்மென்ட் எங்கே வருகிறது? மூன்றாவது துறையைச் சும்மா ஒட்டவைக்கிற மாதிரி இருக்கிறது. கேட்பது தப்பில்லையே.

சரக்குரயில் எழுதியது:

தப்பே இல்லை. நான் சப்ளை செயின் பாடம் எடுப்பவன், என் பக்கத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

1984 கடைசியில் சசெக்ஸில் ஒரு பண்ணையில் 133 என்ற எண்ணுள்ள பசு முதுகு வளைந்து, மெலிந்து, தலை நடுங்கி, தள்ளாடியது. 1985 பிப்ரவரியில் செத்தது. அந்தப் பண்ணை மாட்டின் மூளையைப் பார்த்தவர்கள் ஓட்டைகளைக் கண்டார்கள், ஆனால் ஏதோ நச்சுப்பொருள் என்று எண்ணம் போயிற்று. 1986 நவம்பரில் வெய்பிரிட்ஜ் மத்திய கால்நடை ஆய்வகம் இது புது நோய் என்று அடையாளம் கண்டது. அங்கிருந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜான் வைல்ஸ்மித் பண்ணை பண்ணையாகக் கணக்கெடுத்து, பொதுவாக இருப்பது விலங்குக் கழிவை உருக்கி அரைத்துத் தீவனத்தில் சேர்க்கும் இறைச்சி-எலும்புத் தூள்தான் என்று 1988-க்குள் சொல்லிவிட்டார். கால்நடை மருத்துவம் தன் வேலையை அபாரமான வேகத்தில் செய்தது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

அதற்குப் பிறகுதான் என் துறை வருகிறது. 1988 ஜூலையில் அசைபோடும் கால்நடைகளுக்கு அந்தத் தூளைக் கொடுக்கத் தடை வந்தது. கையிருப்பைத் தீர்க்க அதற்கு முன் ஐந்து வாரம் அவகாசம். பன்றிக்கும் கோழிக்கும் கொடுக்கத் தடை இல்லை. அதாவது ஒரே ஆலை, ஒரே அரவை இயந்திரம், ஒரே மிக்சர், தூளை மேலே ஏற்றும் ஒரே எலிவேட்டர். காலையில் இறைச்சித்தூள் போட்டுக் கோழித்தீவனம், மதியம் அதே லைனில் மாட்டுத்தீவனம். மிக்சரின் மூலையில் ஒட்டிய மிச்சம் அடுத்த பேட்சில் போகும். சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இல்லை, காகிதத்தில் சுத்தம். தீவனத்தில் மாட்டுப் புரதம் கலந்திருக்கிறதா என்று நம்பிக்கையாகச் சோதிக்கவே 90-களின் நடுவில்தான் வழி வந்தது.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? கொஞ்சம் போனால் பரவாயில்லை என்று ஆலைகளும் அதிகாரிகளும் இருந்துவிட்டார்கள். கன்றுகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்த சோதனையில் ஒரு கிராம் நோயுற்ற மூளையே போதும் என்று தெரிந்தபோது 90-கள் பாதி ஓடிவிட்டன. பின்னால் அரசு அமைத்த பிலிப்ஸ் விசாரணை மிளகளவு என்றே எழுதியது. ஒரு லாரித் தீவனத்தில் ஒரு மிளகு.

விளைவு: தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளில் மட்டும் 40,000-க்கு மேல் நோய். மொத்தம் 1,80,000-ஐத் தாண்டியது. எல்லாப் பண்ணை விலங்குக்கும் தடை என்று இறுக்கியது 1996-இல்.

இப்போது நியூரான்நேசன் கேட்டதற்கு நேர் பதில். மாட்டில் இந்த நோய் வெளியே தெரியச் சராசரி ஐந்து ஆண்டு. அது உங்கள் துறையின் எண், ஆனால் ஆலை நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. இன்று மிக்சரைச் சுத்தம் செய்யாத ஃபோர்மேனின் தவறு ஐந்து வருஷம் கழித்து வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவரின் தொழுவத்தில் தெரியும். அதற்குள் அவர் வேலை மாறியிருப்பார், ஆலையே கைமாறியிருக்கும். 1988-இல் போட்ட தடை வேலை செய்கிறதா என்று 1992-இல் பார்த்தால், அந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஏறத்தாழ 37,000 மாடுகள், உச்சம். தடை தோற்றதா ஜெயித்ததா? எண்ணிக்கை ஏறும்போதே தடை பெரும்பகுதி ஜெயித்துக்கொண்டிருந்தது, அதே நேரம் ஓரத்தில் கசிந்துகொண்டும் இருந்தது. இரண்டும் ஒரே வரைபடத்துக்குள். நோய் மறைந்திருக்கும் காலம்தான் நிர்வாகப் பிரச்சினையே, ஒட்டவைத்தது ஒன்றும் இல்லை.

மேய்ச்சல்காரி எழுதியது:

நான் படிப்பாளி இல்லை, கறவை வைத்திருப்பவள். நஷ்ட ஈடு கதையை யாரும் சொல்லவில்லையே? 1988-இல் நோய் வந்த மாட்டை அழிக்கச் சொன்னபோது பிரிட்டன் அரசு பாதி விலைதான் கொடுத்தது என்று படித்திருக்கிறேன். பாதி விலை என்றால் எந்த ஊர் விவசாயியும் தள்ளாட்டம் ஆரம்பித்த அன்றே சந்தைக்கு ஓட்டிவிடுவான். நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால், நேற்று நல்லாத்தான் இருந்தது என்பான். இதற்கு பிஎச்டி எதற்கு, எங்களைக் கேட்டால் போதாதா.

ஸ்லைடுபாக்ஸ் எழுதியது:

அக்கா சொல்வது நியாயமான சந்தேகம், அன்றே பிரிட்டனிலும் கேட்டார்கள். 1988 ஆகஸ்டில் 50 சதவீதம், 1990 பிப்ரவரியில் முழு விலை. ஆனால் முழு விலை ஆனதும் மறைத்து வைத்த மாடுகள் எல்லாம் வெளியே கொட்டினவா என்பதைத் தரவு வைத்துத்தான் சொல்ல வேண்டும், நாம் அப்படித்தான் செய்வோம் என்பதால் அவர்களும் செய்தார்கள் என்று எழுத முடியாது. எக்ஸாமினர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.

மேய்ச்சல்காரி எழுதியது:

எக்ஸாமினர் மாடு வளர்த்திருந்தால் கை வைக்க மாட்டார் :)

வெட்டிப்பேச்சு எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்கள், அடிப்படைக் காரணத்தையே விட்டுவிட்டீர்களே. எண்ணெய் விலை ஏறியதால் கழிவை உருக்கும் ஆலைகள் சூட்டைக் குறைத்தன, கரைப்பான் போடுவதை நிறுத்தின, அதனால் கிருமி சாகவில்லை. முதலாளிகளின் பேராசை, அவ்வளவுதான். இதில் நரம்பியல் என்ன வேண்டிக்கிடக்கிறது.

சரக்குரயில் எழுதியது:

வெட்டிப்பேச்சு நண்பரே, இது எல்லோருக்கும் பிடித்த விளக்கம், ஏனென்றால் வில்லன் ரெடியாக இருக்கிறான். ஆரம்பத்தில் வைல்ஸ்மித்தும் அந்த மாற்றத்தைத்தான் சந்தேகித்தார். ஆனால் 2000 அக்டோபரில் வந்த பிலிப்ஸ் அறிக்கை, 16 தொகுதி, அதை ஏற்கவில்லை. பழைய முறையும் இந்தக் காரணியை முழுசாக அழிக்கக்கூடியதாக ஒருபோதும் இருந்ததில்லை என்றது. நரம்பியல் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். இந்தப் புரதம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று தெரியாமல் ஆலையைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

நியூரான்நேசன் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒத்துக்கொள்கிறேன், அந்த ஐந்தாண்டு வாதம் பலமானது. மனிதப் பக்கத்திலும் அதே தாமதம்தான் ஆளைக் கவிழ்த்தது.

1989 பிப்ரவரியில் அரசு அமைத்த சவுத்வுட் நிபுணர் குழு, மனிதருக்கு இதனால் பாதிப்பு வர வாய்ப்பு மிகக் குறைவு என்றது; ஆனால் நாங்கள் கணித்தது பிழையானால் விளைவு மிகக் கடுமையாக இருக்கும் என்றும் சேர்த்தே எழுதியது. முதல் பாதி மேடை மேடையாகப் பேசப்பட்டது, இரண்டாம் பாதி அலமாரிக்குப் போயிற்று. 1990 மே மாதம் பிரிஸ்டலில் ஒரு சயாமிஸ் பூனைக்கு இதே மாதிரி மூளை நோய் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். இனம் விட்டு இனம் தாவாது என்று நம்பியவர்களுக்கு அந்தப் பூனையே எச்சரிக்கை. அதே மே மாதம்தான் விவசாய அமைச்சர் கம்மர் கேமரா முன்னால் தன் சின்ன மகளுக்கு பர்கர் நீட்டினார். அதைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

ஒரு நல்ல காரியமும் அந்த ஆண்டு நடந்தது. எடின்பரோவில் ராபர்ட் வில் தலைமையில் மனிதருக்கு வரும் சிஜேடி (க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப்) என்ற இதே மாதிரி மூளை நோயைக் கண்காணிக்க ஒரு பிரிவு. வருமோ வராதோ தெரியாத நோய்க்கு முன்கூட்டியே ஆள் போட்டு உட்கார வைத்தார்கள். அது இருந்ததால்தான் 1996-இல் இளம் வயதினர் பத்துப் பேரின் மூளையில் வழக்கமான சிஜேடியில் இல்லாத மாதிரி, பூவிதழ் போல ஓட்டைகள் சூழ்ந்த புரதப் படிவுகளைப் பார்த்து, இது புது வகை என்று சொல்ல முடிந்தது. இது மாட்டு நோயிலிருந்து வந்திருக்கலாம் என்று மார்ச் 20-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் அமைச்சர் அறிவித்தார். ஒரு வாரத்தில் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு ஐரோப்பா தடை. பிரிட்டனில் மட்டும் கடைசியில் 178 பேர் இந்த நோயில் போனார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிரியான் மரபணுவில் 129-ஆம் இடத்தில் ஒரே வகை. அந்த எண்ணிக்கையோடு நின்றுவிட்டதா, மற்ற வகைக்காரர்களுக்கு இன்னும் தாமதமாக வருமா என்று என் துறைக்காரர்கள் பல வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

சரக்குரயில் எழுதியது:

இன்னொன்று, லேபிள் கதை. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். மாட்டு நோய் ஆட்டுக்கும் தொற்றியிருக்குமோ என்று பிரிட்டனில் ஓர் ஆராய்ச்சி. 90-களின் தொடக்கத்தில் சேகரித்த ஆட்டு மூளைகளை வைத்து சில ஆண்டுகள் வேலை நடந்தது. முடிவு மோசமாக வந்தால் நாட்டின் செம்மறி மந்தையையே அழிக்க வேண்டியிருக்கும் என்ற அளவுக்கு அரசு யோசித்துக்கொண்டிருந்தது. 2001 அக்டோபரில் வேறொரு ஆய்வகம் டிஎன்ஏ பார்த்தது. கையில் இருந்தது மாட்டு மூளை.

பிரியான் கோட்பாடு சரி, எலிச் சோதனை சரி, புள்ளியியல் சரி. ஃப்ரீசரில் டப்பா மேல் ஒட்டிய சீட்டு எங்கிருந்து எங்கே போயிற்று என்ற பதிவுதான் சரியில்லை. ஒரு ஸ்டோர் கீப்பர் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம்.

மேய்ச்சல்காரி எழுதியது:

ஐயோ. ஆட்டுக்காரங்க தலை தப்பியது.

எனக்குத் தெரிந்த இன்னொரு ஆளையும் சொல்கிறேன், டெம்பிள் கிராண்டின். மாடு எதைப் பார்த்து மிரளும் என்று தொழுவ வழியை மாற்றியமைத்த அம்மா. அவரும் உங்கள் மூன்று துறையிலும் கால் வைத்தவர்தானே?

ஸ்லைடுபாக்ஸ் எழுதியது:

அருமை அக்கா, எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய பெயர். 1989-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவருடைய பிஎச்டி பன்றிகளைப் பற்றி. வைக்கோலும் விளையாட்டுப் பொருளும் போட்ட கொட்டிலில் வளர்ந்த பன்றிக்கு மூளையில் நரம்பணுக் கிளைகள் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். வெறும் கொட்டில் பன்றிகளுக்குத்தான் தொடு உணர்வுப் பகுதியில் கிளை அதிகம். வேறு வேலை இல்லாமல் ஒன்றையொன்று மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தன. கிளை அதிகம் என்றால் நல்ல வாழ்க்கை என்று எழுதிவிட முடியாது என்ற பாடம் அது. பத்து வருஷம் கழித்து, 1999-இல், மெக்டொனால்ட்ஸுக்கு இறைச்சி தரும் கூடங்களில் தணிக்கை செய்ய அவர் எடுத்துப்போனது மூளை அறிவியல் அல்ல, எண்ணக்கூடிய சில விஷயங்கள்: எத்தனை மாடு கத்தியது, எத்தனை வழுக்கி விழுந்தது, எத்தனைக்கு மின்கோல் வைத்தார்கள், முதல் அடியிலேயே நினைவு போனதா. கூடத்து ஆளே எண்ணிவிடலாம்.

தீவனத்தொட்டி எழுதியது:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. சரக்குரயில் சார் சொன்னதிலிருந்து என் தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். நோய் பரவியதா என்று பார்க்கப் போனால் ஐந்து வருஷம், என் ஆயுசு பத்தாது. அதற்குப் பதில், ஒரே லைனில் இரண்டு வகைத் தீவனம் ஓடும் ஆலையில், மாற்றும்போது முந்தைய பேட்ச் எவ்வளவு மிச்சம் போகிறது என்று அளப்பது, ஆலைக்காரர்கள் எவ்வளவு போகிறது என்று நம்புகிறார்கள் என்று கேட்பது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி. நரம்பியல் பங்கு அந்த மிளகளவு, அதாவது எவ்வளவு மிச்சம் பொருட்படுத்த வேண்டியது என்ற வரம்பு. நான் மூளையைத் தொடப்போவதில்லை. இது ஓடுமா?

நியூரான்நேசன் எழுதியது:

ஓடும், ஆனால் தலைப்பில் நரம்பியல் என்று போடாதீர்கள். எங்கள் ஆட்கள் எலி எங்கே, எலெக்ட்ரோடு எங்கே என்று கேட்பார்கள். வரம்புக்கான சோதனைகளை ஒரு அத்தியாயமாக ஆழமாக எழுதுங்கள், அந்த ஒரு கிராம் எந்த வயதுக் கன்றுக்கு, எத்தனை கன்றில் எத்தனைக்கு என்பது வரை. வைவாவில் அதைத்தான் குடைவார்கள்.

ஸ்லைடுபாக்ஸ் எழுதியது:

கால்நடைப் பொதுச் சுகாதாரத் துறையில் பதிவு செய்யுங்கள், மேனேஜ்மென்ட்டில் இருந்து ஒரு துணை வழிகாட்டி. எக்ஸாமினர் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், அங்கே தீவனம், இறைச்சி, சட்டம் எல்லாம் ஏற்கெனவே பாடத்தில் உண்டு. ஆலை அனுமதியை முதலில் எழுத்தில் வாங்குங்கள், பெயர் வெளியிட மாட்டேன் என்ற உறுதியோடு. வாய்மொழியாகச் சரி என்பார்கள், முதல் ரிசல்ட் வந்ததும் கேட்டை மூடுவார்கள்.

தீவனத்தொட்டி எழுதியது:

அனுமதி என் கம்பெனியிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன், மற்ற இரண்டு ஆலைகளுக்குப் பேச வேண்டும். மாதிரி எங்கே எடுப்பது சரி, மிக்சர் வாய்க்குக் கீழேயா, மூட்டை கட்டும் இடத்திலா?

சரக்குரயில் எழுதியது:

இரண்டிலும் எடுங்கள், ஆனால் பக்கெட் எலிவேட்டரின் அடிக்குழியை விட்டுவிடாதீர்கள். மிக்சரை எல்லோரும் காற்றடித்துச் சுத்தம் செய்வார்கள், ஆய்வுக்கு வருபவரும் அதைத்தான் திறந்து காட்டச் சொல்வார். அடிக்குழியில் தங்கிய தூளை அள்ள ஆள் குனிந்து உட்கார வேண்டும், மோட்டாரை நிறுத்த வேண்டும், ஷிப்ட் மாறும் நேரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். மாற்றிய பிறகு வரும் முதல் சில மூட்டைகளைத் தனித்தனியாக எண் போட்டு வையுங்கள், கலந்துவிடாதீர்கள். டப்பா மேலேயும் எழுதுங்கள், மூடி மேலேயும் எழுதுங்கள்.